கரகம் சாய்ந்த வருடத்து டைரி

எங்கள் ஊர் தீமிதித் திருவிழாவில் பூங்கரகம் எடுக்கும் உரிமை எங்கள் வீட்டுக்கு. அப்பாவை நைனா என்போம், அவருக்குப் பிறகு அது அண்ணனுக்கு வந்தது. பதினொரு வருடம் அண்ணன் எடுத்தார். பன்னிரண்டாவது வருடம், கோயில் தெருவில் திரும்பும் இடத்தில், கரகம் அவர் தலையில் சாய்ந்தது. அவர் கை வைத்துப் பிடித்துவிட்டார். குளத்தில் தூக்கிய கரகத்தைத் தீக்குழி தாண்டி இறக்கி வைக்கும்வரை கையால் தொடக்கூடாது.

காப்புக் கட்டிக்கொண்டு குடித்திருக்கிறான் என்று ஊர் சொன்னது. அண்ணன் குடிக்கவில்லை. அவருக்கு இருந்தது ஒரு நோய். அது என்ன நோய் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு மேலும் ஏழு மாதம் ஆனது. அதற்குள் கரகம் கைமாறிவிட்டது. மாறியது எனக்கு.

எப்படி மாறியது என்பதை வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதுவது என் தொழில். ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் இருக்கிறேன். எது எந்த மணிக்கு உள்ளே வந்தது, எது எந்த மணிக்கு வெளியே போனது என்று எழுதி ஒப்பம் போடுவேன். ஜனவரியில் கம்பெனி ஒரு டைரி கொடுக்கும். அதிலும் அப்படித்தான் எழுதுவேன். எந்தக் கிழமை, எத்தனை மணி, என்ன நடந்தது. என்ன நினைத்தேன் என்று எழுதுவதில்லை. அது ஒழுக்கம் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆந்திர எல்லையில் சத்தியவேடு பக்கம் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது எங்கள் நிலமும் போனது. வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றார்கள்; அண்ணனும் நானும் தனித்தனி வீடு. பத்தாவது தாண்டிய எனக்கு ஸ்டோர்ஸ் கிடைத்தது. ஏழாவதோடு நின்றுவிட்ட அண்ணனுக்கு வேறொரு தொழிற்சாலையின் கேட்டில் செக்யூரிட்டி வேலை. அந்த கேட்டிலிருந்து எண்பது தப்படி நடந்தால் எங்கள் பழைய கிணறு இருந்த இடம். மேலே இப்போது லாரிகள் நிற்கின்றன. அண்ணன் அதைப் பற்றி ஒரு முறைதான் பேசினார்.

"எங்க நிலத்துக்கு நானே காவல். முன்னாடி சொம்மா காத்துக்கினு இருந்தேன், இப்ப யூனிபாரம் போட்டுக்கினு காத்துக்கினு இருக்கேன்."

அவருக்கு எப்போதும் இரவு டியூட்டி. உள்ளே வரும் லாரி டிரைவர்களின் வாயில் ஒரு சிறிய கருவியை நீட்டி ஊதச் சொல்வதும் அவர் வேலைகளில் ஒன்று. குடித்திருந்தால் அது கத்தும். ஏர் பிடித்த உடம்பு நாற்காலியில் உட்கார்ந்தது. எதிர்க்கடையில் டீ, பரோட்டா, மறுபடி டீ. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடத்து டைரியில் ஒரு செவ்வாய்க்கிழமை எழுதியிருக்கிறேன்: "அண்ணனுக்கு யூனிபாரம் காலர் பட்டன் போடவில்லை. அண்ணி பட்டனை நகர்த்தித் தைத்தார்." நான்காவது வருடம்: "காலர் பட்டன் மறுபடி போடவில்லை. திறந்தே விட்டார்."

காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். எங்கள் வீடும் அவர் வீடும் எதிரெதிர். குறட்டை தெருவுக்குக் கேட்கும். பால் ஊற்ற வருபவர் வாசலில் நின்று, "லாரி உள்ள பூந்துட்ச்சா?" என்று கேட்பார். அண்ணி பாத்திரத்தை நீட்டியபடி, "எம் புருசனுக்கு மத்ததெல்லாம் கொறச்சல், தூக்கத்துக்கு மட்டும் கொறவில்ல" என்பார். சிரிப்பார்கள். அப்படி உரக்கத் தூங்குகிறவன் நன்றாகத் தூங்குகிறான் என்று எல்லோரும் நினைத்தோம். நன்றாகத் தூங்கியும் பகலில் சாய்ந்த இடத்தில் தூங்கிப்போனால் அது இரவு டியூட்டியால் என்று நினைத்தோம். தொழிற்பேட்டை வந்த பிறகு எங்கள் ஊரில் பாதிப் பேர் பகலில் தூங்குகிறார்கள். யார் தூக்கத்தை யார் விசாரிப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 11.15க்கு அவர் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். குறட்டை திடீரென்று நின்றது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பழக்கம். மார்பு ஏறி இறங்கவில்லை. கிணற்றுக்கு அடியிலிருந்து மேலே வந்தவர் போல ஒரு இழுப்பு இழுத்து மறுபடி தொடங்கினார். அன்றைய பக்கம்: "அண்ணன் குறட்டை நின்று நின்று வருகிறது. ஒரு தடவை 27 விநாடி." அடுத்த வரியில் மாடு கன்று போட்டதை எழுதியிருக்கிறேன்.

தள்ளாட்டமும் டைரியில் இருக்கிறது. பைக்கிலிருந்து இறங்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தார். நிலைப்படியில் தோள் இடித்தார், ஒரே வாரத்தில் இரண்டு தடவை. கால் கழுவ ஒரு காலைத் தூக்கியவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். குறட்டையை ஒரு பக்கத்திலும் தள்ளாட்டத்தை இன்னொரு பக்கத்திலும் எழுதினேன். இரண்டும் ஒரே உடம்பில் நடந்தவை என்று எனக்குத் தோன்றவில்லை.

கரகம் சாய்ந்த வருடம் வைகாசியில் காப்புக் கட்டினார்கள். எங்கள் ஊரில் தர்மராஜா கோயில் என்று சொல்வோம், உள்ளே இருப்பது திரௌபதி அம்மன். கரகம் எடுப்பவர் காப்புக் கட்டிய பத்து நாளும் கோயில் கொட்டகையில்தான் படுக்க வேண்டும். அண்ணனுக்கு ஞாயிறு, திங்கள் இரண்டு நாள்தான் லீவு கிடைத்தது. மற்ற நாட்களில் கையில் காப்போடு கேட்டில் இரவு முழுக்க நின்றுவிட்டு, காலையில் குளித்து, கோயில் கொட்டகையில் பகலில் படுத்தார். பாரதம் சொல்ல வந்தவருக்குக் குறட்டையால் குரல் எடுபடவில்லை. "சாமி, பீமன் வேசம் வேற ஆள் கட்டறாங்க. நீ எதுக்கு இந்நேரமே பயிற்சி எடுக்கற?" என்று மைக்கிலேயே சொன்னார். கூட்டம் சிரித்தது. அண்ணன் எழுந்திருக்கவில்லை.

தீமிதிக்கு முந்தின நாள் சனிக்கிழமை. நான் குளத்துக்கு எதிரே பந்தல்காரனிடம் கணக்காகக் கம்பு எண்ணி வாங்கிக்கொண்டிருந்தேன். கொட்டகையில் எழுந்து அண்ணன் குளிக்க வந்தார். கரையில் நடந்தவிதம் சரியில்லை. பந்தல்காரனும் பார்த்தான். நான் அதைப் போய் விசாரிக்கவில்லை. கம்பு எண்ணிக்கை விட்டுப்போகும். அன்றிரவு எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கரகம் கிளம்பியது. பித்தளைக் குடத்தைச் சுற்றி மூங்கில் சிம்பு கட்டி, அதன்மேல் பூவை ஆள் உயரத்தில் பாதி எழுப்பி, உச்சியில் ஒரு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். எங்கள் ஊரில் சும்மாடு வைக்கும் வழக்கமில்லை. வெறும் தலையில் நிற்க வேண்டும். கழுத்தும் காலும் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டே இருந்தால்தான் அது நிற்கும் என்று நைனா சொல்வார். அண்ணனுக்கு அது பதினொரு வருடமாக வந்த பேச்சு. நேர்த்தெருவில் நன்றாகத்தான் வந்தார். முனையில் திரும்பும்போது உடம்பு திரும்பியது, கால் ஒரு நொடி தாமதமாகத் திரும்பியது. நான் நான்கு ஆள் பின்னால் இருந்தேன். பூக்கோபுரம் சாய்ந்தது. எலுமிச்சம்பழம் விழுந்து உருண்டது. இரண்டு கையும் மேலே போயின.

பம்பை நின்றது. பூசாரி ஓடிவந்து கற்பூரம் காட்டி, கரகத்தை நேராக்கி, மறுபடி நடக்கவிட்டார். அண்ணன் தீக்குழியில் முதலில் இறங்கிக் கடந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களில் ஒரு பெண்ணுக்குக் காலில் கொப்புளம் போட்டது. கொப்புளம் சில வருடங்களில் போடும், சில வருடங்களில் போடாது. அந்த வருடம் அதற்குக் காரணம் தயாராக இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை ஒன்பதரைக்குக் கோயில் கொட்டகையில் கூட்டம். தர்மகர்த்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் நின்றார்.

"இன்னாப்பா, எத்தினி நாளா இந்தப் பழக்கம்?" என்றார் தர்மகர்த்தா.

"அம்மா சத்தியமா இல்ல மாமா. எனக்குத் தல சுத்திக்கினு வருது. கால் வைக்கற எடம் தெரியல."

"அதான்யா கேக்கறோம். இன்னா குட்ச்சா கால் வைக்கற எடம் தெரியாதுன்னு."

சிரிப்பு. அண்ணன் சட்டைப் பையிலிருந்து அந்தக் கருவியை எடுத்தார். கேட்டிலிருந்து கேட்டு வாங்கி வந்திருக்கிறார். ஊதிக் காட்டினார். அது கத்தவில்லை.

"நேத்து ஊதியும் இதான், முந்தாநேத்து ஊதியும் இதான். டெய்லி டியூட்டிக்குப் போவும்போது நானும் ஊதிட்டுதான் போறேன்" என்றார்.

"மிசின் உன்னுது, வாய் உன்னுது. 'பூ'ன்னு நீயே ஊதிக்கினு 'பீ'ன்னு நீயே கேட்டுக்கினா நாங்க நம்பணுமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். மறுபடி சிரிப்பு. அண்ணன் அதைப் பைக்குள் வைக்கப் பார்த்தார். பை இருந்த இடத்தைக் கை இரண்டு தடவை தவறவிட்டது. அதையும் எல்லோரும் பார்த்தார்கள்.

தர்மகர்த்தா என் பக்கம் திரும்பினார். "இவன் தம்பி இருக்கான்ல, எம்.ஆர்.ஓ. ஆபீசு ரிஜிஸ்தர் கணக்கா எல்லாத்தயும் எழுதி வெச்சிக்கினு இருப்பானே. அவன் பொய் எழுதமாட்டான். போப்பா, எடுத்தா. அந்தப் பத்து நாள் இன்னா எழுதிக்கீற, படி."

வீடு கொட்டகையிலிருந்து ஐந்து நிமிட நடை. போக ஐந்து, வர ஐந்து. அந்தப் பத்து நிமிடத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை என்பதை இப்போது எழுதுகிறேன். கேட்கிறார்கள், இருக்கிறது, எடுத்துக்கொண்டு போகிறேன். ஸ்டோர்ஸில் ஆடிட்டர் கேட்டால் ரிஜிஸ்தரைக் காட்டுவேன், அதே போல. என் எழுத்தை நம்புகிறார்கள் என்பதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை மறைக்கவில்லை.

படித்தேன். "சனி. மாலை 4.20. அண்ணன் குளத்துக் கரையில் வந்தார். மூன்று இடத்தில் தள்ளாடினார். ஒரு வேலங்கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது."

தர்மகர்த்தா கேட்டார்: "வாசன வந்துதா?"

"அது எழுதல."

"எழுதலன்னா? வந்துதா, வர்லயா?"

"எழுதல" என்றேன்.

வரவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். நான் இருபது அடி தள்ளி நின்றேன். இருபது அடியில் வாசனை வந்ததா இல்லையா என்று எப்படிச் சொல்வது? தெரியாததைச் சொல்வதில்லை என்பது என் கொள்கை. என் அண்ணன் நாற்பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் குடித்ததில்லை என்பது எனக்குத் தெரியும். அதை யாரும் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "போதுண்டா, மூடு" என்றார். டைரியைத்தான் சொன்னார்.

கரகம் இனி அவருக்கில்லை என்று தீர்மானமானது. உரிமை அந்த வீட்டை விட்டுப் போகவேண்டாம், அடுத்த வருடம் முதல் தம்பி எடுக்கட்டும் என்றார்கள். உரிமை எனக்கு வந்ததற்கு என் மனைவி வீட்டில் பாயசம் வைக்கவில்லை, அவ்வளவுதான். தெருவில் சிலர் என்னைப் பார்த்து, "வேலய முட்ச்சிட்ட" என்றார்கள். பாராட்டாகச் சொன்னவர்களும் உண்டு.

அன்றிலிருந்து அண்ணன் என்னிடம் பேசவில்லை. எதிர்வீடு. எட்டு மணிக்கு வருவார், படுப்பார். குறட்டை மட்டும் தெரு தாண்டி வரும்.

ஐப்பசியில் ஒரு விடியற்காலை கேட்டில் தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு அடி உயரச் சிமெண்ட் மேடையிலிருந்து விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. செக்யூரிட்டி வேலைக்கு ஆள் வைத்தவர்கள் "பணியில் தள்ளாட்டம்" என்று எழுதி அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். என்னைப் போன்ற யாரோ ஒருவன் எழுதியிருப்பான். நேரமும் போட்டிருந்தான், 5.05.

மாவுக்கட்டு பிரித்த பிறகும் தள்ளாட்டம் நிற்கவில்லை. புத்தூரில் காட்டினார்கள். திருப்பதியில் காது மூக்கு தொண்டை பார்க்கும் டாக்டரிடம் போகச் சொன்னார்கள். போய்வந்த அன்று மாலை அண்ணி எங்கள் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"டாக்டரம்மா எப்பலருந்து எப்பலருந்துன்னு கேக்கறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல, அவருக்கு ஞாபகமில்ல. உங்கிட்டதான் எல்லாம் கீதே. உங்கண்ணன் எத்தினி மணிக்குச் செத்தாருன்னு நீ எழுதறதுக்கு முன்னாடி ஒரு தபா வந்து அதச் சொல்லிட்டுப் போ."

லீவு போட்டுவிட்டு நான்கு வருடத்து டைரிகளையும் ஒரு பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். நாகலாபுரம் தாண்டுவதற்குள் பஸ்ஸில் அண்ணன் தூங்கிவிட்டார். என் தோளில் தலை சாய்ந்தது. விழித்திருந்தால் சாய்ந்திருக்க மாட்டார். புத்தூர் வரை நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். குறட்டை நின்ற நேரங்களை எண்ணினேன். எழுதவில்லை.

டாக்டர் நடுவயதுப் பெண். தெலுங்கில் தொடங்கி, நாங்கள் பேசியதைக் கேட்டுத் தமிழுக்கு வந்தார். வெளியே நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த அண்ணனை நர்ஸ் எழுப்பியதை அவரே வந்து பார்த்திருந்தார். அண்ணனின் கழுத்தை டேப் வைத்து அளந்தார். எனக்குக் காலர் பட்டன் ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். பிறகு 27 விநாடிப் பக்கத்தை. பிறகு பைக், நிலைப்படி, கால் கழுவியது. டாக்டர் ஒவ்வொன்றாகப் படித்தார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இது நீங்க எழுதினதா? ரொம்ப நல்லா இருக்கு. எங்க ஜூனியர்ஸ் கூட இவ்ளோ கரெக்டா கேஸ் எழுத மாட்டாங்க. இது எல்லாமே இதுலயே இருக்கே. யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"ஒரு தடவ படிச்சேன் மேடம்."

"எந்த டாக்டர்கிட்ட?"

"ஊர்க் கூட்டத்துல."

அவருக்குப் புரியவில்லை. அண்ணனுக்கும் அண்ணிக்கும் புரிந்தது. அண்ணி சுவரில் இருந்த காது படத்தைப் பார்த்தார்.

ஒரு இரவு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, தலையிலும் மார்பிலும் விரலிலும் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். மறுநாள் டாக்டர் விளக்கினார். தூங்கும்போது இவருக்குத் தொண்டை தளர்ந்து மூச்சு வழி அடைபடுகிறது. மூச்சு நிற்கிறது. மூளை பதறி எழுப்பி இழுக்க வைக்கிறது. அது இவருக்கு ஞாபகம் இருக்காது. தூங்கும் நேரம் முழுக்க இதே போராட்டம்.

"அப்போ இவர் தூங்கவே இல்லையா?" என்றார் அண்ணி.

"தூங்கின மாதிரி உங்களுக்குச் சத்தம் கேட்டிருக்கும்மா."

"தள்ளாட்டம்?"

"நேரா நிக்கறதுக்குக் கண்ணு, காதுக்குள்ள இருக்கற ஒரு உறுப்பு, கால், இந்த மூணும் சொல்றத மூளை சேத்துப் பாக்கணும். ராத்திரி பூரா ரத்தத்துல ஆக்சிஜன் எறங்கி எறங்கி ஏறுது. களைச்சுப் போன மூளை லேட்டா பாக்குது. காதுக்குள்ள இருக்கறதும் அடிபடுது. நேர் ரோட்டுல சமாளிச்சிடுவார். திரும்பும்போது, கண்ணு மூடும்போது, தலையில பாரம் இருக்கும்போது மாட்டிக்குவார். இது மட்டும்தான் காரணம்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். சர்க்கரை பாத்தாச்சு, பிரஷர் பாத்தாச்சு, நரம்பு பாத்தாச்சு. வேற ஒண்ணும் பெருசா இல்ல. மூச்ச சரி பண்ணுவோம், தள்ளாட்டம் எவ்ளோ போகுதுன்னு பாப்போம். எல்லாருக்கும் முழுசா போகாது."

தலையில் பாரம் என்பதை டாக்டர் ஒரு பேச்சுக்குச் சொன்னார். கரகத்தைப் பற்றி நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

தை மாதத்திலிருந்து அண்ணன் முகமூடியும் குழாயும் வைத்த ஒரு மெஷினைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார். அது விடாமல் காற்றைத் தள்ளித் தொண்டை அடைபடாமல் பார்த்துக்கொள்கிறது. முதல் வாரம் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். மூன்றாவது வாரம் அண்ணி என் மனைவியிடம் சொன்னாராம்: "திடீர்னு சத்தமே இல்ல. எனக்கு உசுரே போச்சு. மூக்குகிட்ட கை வெச்சுப் பாத்தேன், நல்லாத்தான் கீறாரு. எனக்குத்தான் தூக்கம் வர்ல." எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எதிர்வீட்டின் அமைதி பழகச் சில நாள் ஆனது.

டாக்டர் ஒரு பயிற்சி சொல்லியிருந்தார். ஒரு பாதத்தின் முன்னால் இன்னொரு பாதத்தைக் குதிகால் தொட வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அண்ணி வாசலில் கரியால் ஒரு கோடு போட்டார். தினமும் காலை அண்ணன் அதன்மேல் நிற்பார். அண்ணி இரண்டு கையையும் அவரைத் தொடாமல் இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நிற்பார். நான் ஜன்னலில் இருந்து எண்ணினேன். தையில் நான்கு விநாடி. மாசியில் ஒன்பது. சித்திரையில் இருபத்திரண்டு. முழுசாகச் சரியாகவில்லை, ஆனால் நின்றார். டைரியில் எழுதினேன். இந்தத் தடவை யாரிடம் படிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

சித்திரைக் கடைசியில், ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையும் டைரியையும் எடுத்துக்கொண்டு தர்மகர்த்தா வீட்டுக்குப் போனேன். அவர் ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"எல்லாம் இங்கிலீசா கீதே. அம்மனுக்கு இங்கிலீசு வராதுப்பா."

"அண்ணன் அன்னிக்குக் குடிக்கல மாமா. நோய். டாக்டர் சொல்லிட்டாங்க."

"சரி, நோயின்னே வெச்சிக்கோ. மூக்குல கொழாய் மாட்டிக்கினு தூங்கறவன் பத்து நாள் கொட்டாயில எப்டிப் படுப்பான்? அங்க ராத்திரி பூரா கரண்டு நிக்குதா? மறுபடி சாஞ்சா உங்கொப்பன் பேரும் சேந்து சாயும். வருசத்துக்கு ஒரு ஆளுன்னு மாத்திக்கினு இருக்க முடியாது. நீ எடு. வாணாம்னா சொல்லு, மேலத்தெருக்காரங்க ரெடியா கீறாங்க."

"கூட்டத்துல நான் குடிச்சாருன்னு படிக்கலியே மாமா."

தர்மகர்த்தா ரிப்போர்ட்டை மடித்து என் கையில் கொடுத்தார். "நாங்களும் உன்ன அதக் கேக்கல. வாசன வந்துதான்னு கேட்டம். இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். கூடப் பொறந்தவனே வாயத் தொறக்கலன்னா நாங்க இன்னா நெனைக்கறது?"

எனக்கு எதிராக அந்த ஊரில் சொல்லப்பட்ட ஒரே நேர்மையான வாக்கியம் அது.

திரும்பி வந்து, ஊர்க் கூட்டத்துக்குப் பிறகு முதல் தடவையாக அண்ணன் வீட்டுக்குள் போனேன். நடந்ததைச் சொன்னேன். எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

"எடு" என்றார். "நீ எடுக்கலன்னா வூட்ட உட்டே போய்டும். நைனா எட்த்தது."

"அண்ணா, நான் அன்னிக்கு..."

"தெரியும். நீ பொய் சொல்லல. உனுக்கு அதான முக்கியம்." மெஷின் குழாயைச் சுற்றி எடுத்து வைத்துக்கொண்டே பேசினார். "ஒண்ணு மட்டும் செய். எனக்காகப் பேசறேன்னு இனிமே எங்கயும் போவாத."

வைகாசியில் காப்புக் கட்டிக்கொண்டேன். பத்து நாளும் கொட்டகையில் படுத்தேன். கம்பெனி எனக்குப் பத்து நாளும் லீவு கொடுத்தது. ஸ்டோர்ஸ் ஆளுக்கும் கேட் ஆளுக்கும் அந்த வித்தியாசம் உண்டு.

ஞாயிறு மாலை கரகம் என் தலைக்கு வந்தது. தூக்கிய பிறகு குனியக்கூடாது, பேசக்கூடாது, திரும்பிப் பார்க்க முடியாது. கண்ணுக்கு நேரே வருவது மட்டும்தான் தெரியும். வீட்டுக்கு வீடு பெண்கள் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து காலில் ஊற்றினார்கள். யார் ஊற்றுகிறார்கள் என்று தண்ணீரின் சூட்டிலிருந்து தெரியாது. எங்கள் தெருவில், அண்ணன் வீட்டுக்கு நேரே நின்றேன். அண்ணி வரவில்லை. பம்பைக்காரர்கள் இரண்டு சுற்று அடித்தார்கள். கதவிலிருந்து அண்ணன் வந்தார். குடம் அவர் கையில். என் பார்வைக்குக் கீழே போனார். காலில் தண்ணீர் விழுந்தது. பாதத்தை இரண்டு கையாலும் தேய்த்துக் கழுவினார். பிறகு எழுந்தார். எதையும் பிடிக்காமல் எழுந்தார். அவர் முகம் என் முகத்துக்கு நேரே வந்தது.

"முனையில மெதுவா திரும்பு. காலு மொதல்ல, அப்பறந்தான் ஒடம்பு" என்றார்.

தலையாட்டக்கூட முடியாது. நடந்தேன். முனையில் காலை முதலில் திருப்பினேன். பூ அசைந்தது, நின்றது. கோவிந்தா என்று கூட்டம் கத்தியது. அந்தச் சத்தம் அடங்கும்போது, எனக்குப் பின்னால் ஒரு குரல், யாருடையது என்று தெரியவில்லை, பக்கத்து ஆளிடம் சொன்னது:

"பாத்தியா, சுத்தமா இருந்தா எப்டி நிக்குது."

சாயாத கரகம், அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தைப் போலவே, அண்ணன் குடித்தார் என்பதற்கு மறுபடி சாட்சி சொல்லிக்கொண்டு போனது. திரும்பி ஒரு வார்த்தை சொல்ல என்னால் முடியாது. தலையில் குடம். தீக்குழியை நோக்கி நடந்தேன்.

மறுநாள் காலை டைரியை எடுத்தேன். "ஞாயிறு. மாலை 6.10. முனை திரும்பினேன். கரகம் சாயவில்லை" என்று எழுதினேன். பிறகு பழைய வருடத்து டைரியை எடுத்து, அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தைத் திறந்தேன். எழுதியதைத் திருத்துவது என் பழக்கமில்லை. பக்கத்தின் அடியில் இரண்டு வரி இடம் இருந்தது. "வாசனை வரவில்லை" என்று எழுதி, எழுதிய நாளின் தேதியைப் போட்டு, ஒப்பம் வைத்தேன். இருபது அடி தூரம். இருந்தும் எழுதினேன்.

படி என்று யாரும் கேட்கவில்லை.